காலிக் கட்டங்களின் கணக்கு

ஜூலை 2, பகல் 12 மணி. லீப் வருஷமாக இல்லாவிட்டால் ஒரு வருஷத்தின் நட்டநடு அதுதான். முன்னால் 182 நாள், பின்னால் 182 நாள், நடுவில் 183-ஆவது நாளாக இது மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும். அரையாண்டு என்றால் ஜூன் 30-ஓடு முடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜூன் 30 அன்று நோட்டைத் திறக்கத் தைரியம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அப்புறம் இந்த 183 கணக்கைப் பார்த்ததும் சரி, இன்னும் ஒன்றும் தாமதமாகிவிடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்றைக்குத் திறந்துவிட்டேன்.

நோட்டு என்றால் டிசம்பர் கடைசி ராத்திரி உட்கார்ந்து நானே கோடு போட்டு வைத்தது. மாதத்துக்கு ஒரு தாள், பின்பக்கம் காலி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தேதி, தலைப்பில் மூன்று தீர்மானங்கள்: காலை 5 மணிக்கு எழுவது, அரை மணி நேரம் நடை, வாசிப்பு. அடிக்கோல் வைத்து, 12 தாளுக்கும், ஒரு கோடு பிசகாமல். இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஐந்து நாள் நடையை முடித்திருக்கலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஜனவரித் தாளின் அடியில், கட்டங்களுக்கு வெளியே, நான்காவதாக ஒன்றையும் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "யாராவது பேசும்போது குறுக்கே புகக் கூடாது." அதற்குக் கட்டம் கிடையாது. எதைப் பார்த்து டிக் போடுவது என்று அன்றைக்குத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

சீக்கிரம் முடிகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 மணிக்கு எழுவது ஜனவரி 19 வரை ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு டிக்கூட இல்லை, பிப்ரவரியிலிருந்து அந்தப் பத்தி முழுக்க வெள்ளை. இதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. நான் ராத்திரி 12 மணி வரை விழித்திருக்கிற ஆள், அந்த 19 நாளும் மத்தியானம் 3 மணிக்குத் திரையைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். ஜெயித்தவர்கள் எல்லோரும் விடியுமுன் எழுகிறார்கள் என்று எங்கேயோ படித்ததைத் தவிர இந்தத் தீர்மானத்துக்கு வேறு காரணம் இருந்ததாகவே ஞாபகம் இல்லை. மிச்சமிருக்கிற ஆறு தாளிலும் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

வாசிப்பு பார்வைக்குப் பளபளவென்று இருக்கிறது. மாதம் 2, வருஷத்துக்கு 24 என்பது திட்டம், இன்றைய தேதிக்கு 13 முடிந்திருக்கிறது, திட்டத்தைவிட ஒன்று கூடுதல். ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தால் மார்ச்சுக்குப் பிறகு 200 பக்கத்தைத் தாண்டிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. தடிமனைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்! பதின்மூன்றில் நான்கில் என்ன இருந்தது என்று சுத்தமாக நினைவில்லை. ஒன்றைப் படித்ததே நினைவில்லை, என் கையெழுத்தில் பெயர் இருப்பதால் நம்ப வேண்டியிருக்கிறது. ஜனவரியில் ஆசையாக ஆரம்பித்த 700 பக்கப் புத்தகம் 212-ஆம் பக்கத்தில் குப்புறக் கிடக்கிறது. பிடிக்காமல் நிறுத்தவில்லை. அதை முடிக்கிற நேரத்தில் நான்கு ஒல்லிப் புத்தகங்களை முடித்து எண்ணிக்கையைக் காப்பாற்றிவிடலாமே என்ற கணக்குதான். இனி எண்ணிக்கை வேண்டாம். 213-ஆம் பக்கம் இருக்கிறது, அது போதும்.

நடைக்கு வருவோம். இந்தப் பத்தியைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 1 முதல் நேற்று வரை 182 கட்டங்கள். டிக்குகளை எண்ணினால் 118. பரவாயில்லையே என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் ஏப்ரல் தாளில் கண் நின்றது. மற்ற தாள்களில் டிக்குகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் பென்சில், அவசரத்தில் போட்ட ஒன்றின் வால் பக்கத்துக் கட்டம் வரை இழுபட்டிருக்கும். ஏப்ரல் 14 முதல் 24 வரை இருக்கிற 11 மட்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், அணிவகுப்பு மாதிரி நிற்கின்றன. 24-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டவை அவை. அந்த 11 நாளும் நான் வாசலைத் தாண்டவில்லை. இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை, இதற்கு மார்க் கிடையாது, சம்பள உயர்வு கிடையாது, முதுகில் தட்டிக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது, இருந்தும் எனக்கு நானே பொய்க் கணக்கு எழுதியிருக்கிறேன். டிசம்பரில் கோடு போட்ட ஆளுக்கு ஏப்ரலில் இருந்த ஆள் பயந்திருக்கிறான் போல.

ஆக உண்மையில் நடந்தது 107 நாள், நடக்காதது 75. இந்த 75 எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தபோது கொஞ்சம் அதிர்ந்தேன். பிப்ரவரி 10 முதல் மார்ச் 4 வரை தொடர்ச்சியாக 23. ஏப்ரலின் அந்த 11. மே 12 முதல் 27 வரை 16. ஆக 50 நாள், மூன்றே மூன்று பள்ளங்களில். மிச்சம் 25 நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இரண்டு பக்கமும் டிக்குகளுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கின்றன. அந்த ஒற்றை நாள்களில் ஏன் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுக்குக்கூடக் காரணம் ஞாபகம் வரவில்லை. உடம்பு, வேலை, சோம்பல், எதுவாகவும் இருந்திருக்கலாம். மறுநாள் போயிருக்கிறேன், அத்தோடு முடிந்தது.

ஆனால் பிப்ரவரி 10 அச்சடித்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன் 40 நாள் ஒரு கட்டம்கூட விடாமல் போயிருந்தேன். அன்றைக்கு வேலை முடிந்து வீடு திரும்பவே ராத்திரி 11 மணி. கால் கெஞ்சியது. ஷூவைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நோட்டைத் திறந்தால் வரிசையாக டிக்குகள், அதற்கு அடியில் அந்த ஒரு வெள்ளை, பல் விழுந்த இடம் மாதிரி. சரி, இதுவரைக்கும் நியாயம். மறுநாள் புதன்கிழமை, வேலை சீக்கிரமே முடிந்தது, வானம் தெளிவாக இருந்தது, போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. போகவில்லை. தொடர் அறுந்துவிட்டது, இனிமேல் இன்றைக்குப் போய் என்ன ஆகப்போகிறது, திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக ஆரம்பிப்போம். மனதில் ஓடியது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்களே, அதேதான். ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களிடம் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைய கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்று ஒருவர் நினைத்துவிட்டால், அதற்குப் பிறகு அளவைக் குறைக்காமல் இன்னும் கூடுதலாகச் சாப்பிடுகிறாராம். கெட்டது கெட்டுவிட்டது, மிச்சத்தையும் கெடுப்போம் என்கிற மனசு. எனக்கு ஒரு நாள் 23 நாளாக ஆனதும் இந்தக் கணக்கில்தான். அதில் ஒரு நாள் அசதி, மிச்சம் 22-ம் வெட்கம்.

திங்கட்கிழமையையும் சும்மா விட முடியாது. வாரமோ மாதமோ வருஷமோ புதிதாகத் தொடங்கும்போது ஜிம்முக்கு வருகிற கூட்டம் கூடுகிறது என்று ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதுக் கணக்கு தொடங்குகிற நாள் வந்தால் பழைய தோல்விகளைப் பழைய ஆளின் தலையில் கட்டிவிட்டுப் புது ஆளாக நிற்கலாம், அதுதான் அதன் வசதி. நான் சொல்வது அந்தக் காசின் மறுபக்கம். திங்கள் என்று ஒன்று இருப்பதால்தான் புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஐந்தையும் கூசாமல் விட முடிந்தது. அந்தத் திங்களும் வந்து போனது, அதற்கடுத்த இரண்டு திங்களும் போயின. கடைசியில் நான் திரும்ப நடக்கத் தொடங்கியது மார்ச் 5, எந்த விசேஷமும் இல்லாத ஒரு வியாழக்கிழமை, அதுவும் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததால் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லாமல் வெளியே போனது. அதில் மன உறுதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விட்டது என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? என் விஷயத்தில் அந்த "21 நாள்" சமாச்சாரத்துக்கு இதில் பங்கு இருக்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். தேடிப் பார்த்தால் அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் மனதில் பதியக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், முகம் நடையாகவும் யோகாவாகவும் மாறி, வெறும் 21 மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் வேலை செய்தவர்களும். 96 பேர், 12 வாரம், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர எத்தனை நாள் ஆனது என்று பார்த்தால் நடு மதிப்பு 66, ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. 84 நாள் ஆய்வில் 254 எப்படி வந்தது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. ஒவ்வொருவரின் வளைகோடும் போகிற போக்கை நீட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த ஆய்வின் இன்னொரு மூலையில் இருந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லிக்கொள்ளும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. என் நோட்டில் ஒற்றையாக நிற்கிற 25 வெள்ளைக் கட்டங்கள் சொல்வதும் இதையேதான். பிப்ரவரி 11-ஆம் தேதி இது தெரிந்திருந்தால் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வெட்கப்படுகிற ஆளிடம் ஆய்வுக் கட்டுரை எடுபடாது.

மே மாதப் பள்ளம் வேறு ரகம். அங்கே எதுவும் உடையவில்லை, ராத்திரி 11 மணி வேலை இல்லை, வெட்கமும் இல்லை. விளக்கில் எண்ணெய் தீர்கிற மாதிரி மங்கி மங்கி நின்றது. ஆண்ட்ரியா பொனெட்ஸியும் இன்னும் இருவரும் 2011-இல் எழுதிய ஒன்றைப் படித்த பிறகுதான் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. ஒரு காரியத்தின் தொடக்கத்தில் நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறோம், மூன்றாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். முடிவை நெருங்கும்போது இன்னும் எவ்வளவு மிச்சம் என்று முன்னால் பார்க்கிறோம், அங்கேயும் ஒவ்வொரு அடியும் பெரிதாகத் தெரியும். நடுவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தூரம்தான், ஓர் அடி எடுத்து வைத்தால் எதுவும் குறைந்த மாதிரியோ கூடிய மாதிரியோ இருக்காது, அங்கேதான் வேகம் விழுகிறது. மே 12, வருஷத்தின் 132-ஆவது நாள். தொடங்கிய இடம் மறந்துவிட்டது, டிசம்பர் கண்ணுக்கெட்டவில்லை. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு, நடுப்பகுதியைச் சுருக்குவது. வருஷத்துக்கு ஒரு நடு என்றால் அது நான்கைந்து மாத வனாந்தரம், வாரத்துக்கு ஒரு நடு என்றால் வெறும் புதன்கிழமை. ஜூலைத் தாளிலிருந்து ஏழு நாளுக்கு ஒரு தடிக்கோடு இழுத்திருக்கிறேன், வேலை செய்கிறதா என்று போகப் போகத்தான் தெரியும்.

(புத்தாண்டுத் தீர்மானமே வெட்டி என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 2002-இல் வெளிவந்த ஜான் நார்கிராஸின் ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் தாக்குப்பிடித்தவர்கள் தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம். அதே மாதிரி மாற்றத்துக்கு ஆசைப்பட்டும் தீர்மானம் எடுக்காமல் இருந்தவர்களில் 4 சதவீதம். சிரிக்கிறவர்கள் அந்த 4-இல் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம்.)

காலிக் கட்டம் என்றதும் அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் ஞாபகம் வராமல் இருக்காது. அவர் தன் இருபதுகளில் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாளுக்கும் சிவப்பு மையில் கட்டம் போட்டார். ஆனால் அவர் குறித்தது தவறுகளை. தவறினால் ஒரு கறுப்புப் புள்ளி. அதாவது அவர் நோட்டில் காலிக் கட்டம்தான் நல்ல நாள். என் நோட்டை அவரிடம் கொடுத்தால் பிப்ரவரியைப் பார்த்து மெச்சியிருப்பார்! வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. அரையாண்டு என்பது அவருக்குச் சரியாக இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டே ஓட்டை ஓட்டையாகிவிட்டதாம். அப்புறம் யானைத் தந்தத்தில் செய்த ஏடுகள் வைத்த குறிப்பேட்டுக்கு மாறி, பென்சிலில் புள்ளி வைத்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். பட்டியலில் அவரை அதிகம் படுத்தியது ஒழுங்கு, அதாவது பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பது. கடைசி வரை சரியாக வரவில்லை என்று அவரே எழுதுகிறார்.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்த 13-ஆவது. முதலில் பட்டியலில் 12 குணங்கள்தான் இருந்தன. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு, வாதத்தில் நீ சொல்வது சரி என்பதோடு விடாமல் எதிராளியை அமுக்கிவிடுகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் பணிவு சேர்ந்தது. அதற்காகப் பேச்சில் "நிச்சயமாக", "சந்தேகமே இல்லாமல்" போன்ற சொற்களை விட்டுவிட்டு "எனக்குத் தோன்றுகிறது" என்று சொல்லப் பழகினார். எண்பதை நெருங்கும்போது இதைப் பற்றி எழுதுகையில், பணிவு நிஜத்தில் வந்துவிட்டதாகப் பெருமையடிக்க முடியாது, அதன் தோற்றம் நன்றாகவே கைவந்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

என் நோட்டில் கட்டம் இல்லாத அந்த நான்காவதும் கிட்டத்தட்ட இதே வியாதிதான். யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் தீர்வோடு உள்ளே குதித்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொள்வது. ஜூனில் ஒரு ராத்திரி அக்கா போன் செய்து தன் வேலையிடத்துப் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு மூன்று இடத்தில் வாயில் வார்த்தை வந்து முட்டியது, நாக்கை எடுக்கவே இல்லை. அவள் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏய், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா, சொல்லு."

"ஒண்ணுமே சொல்லாம இருக்கியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒழுங்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாதி நேரம் பேசாமல் இருப்பதிலேயே கவனம் போய்விட்டது, அவள் சொன்னதில் ஓர் ஆளின் பெயர்கூட மனதில் நிற்கவில்லை. வெறும் தோற்றம்தான். ஆனால் மூன்று நாள் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டு, "அன்னைக்குச் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தாள். என் நினைவில் அவள் அப்படி ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை. இதை எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. ஜூன் தாளின் காலியாக இருக்கிற பின்பக்கத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதி வைத்தேன்.

ஆக மிச்ச ஆறு மாதத்துக்கு இருப்பது நடை, 213-ஆம் பக்கம், நாக்கு. நடைக்கு ஒரு விதி மட்டும் சேர்த்திருக்கிறேன்: விட்ட நாளுக்கு மறுநாள் ஐந்து நிமிஷம் போதும், தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் டிக் உண்டு. அரை மணி நேரம் என்று எழுதிய ஆள் இதை ஏமாற்று வேலை என்பான். அவன் 41-ஆவது நாளைப் பார்க்காதவன்.

அப்புறம் அந்த ஏப்ரல் டிக்குகள். அவற்றை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. பேனா மை, ரப்பருக்கு அசையவில்லை, பிளேடு எடுத்து மெல்லச் சுரண்டினேன். 14, 15, 16 மூன்றும் அழுக்கு வெள்ளையாக வந்தன, பிரச்சினை இல்லை. 17-இல் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, தாள் கிழிந்து சின்னதாக ஓட்டை விழுந்துவிட்டது. அதன் வழியாக அடியிலிருக்கிற மே மாதத்தின் 17-ஆம் தேதிக் கட்டம் தெரிகிறது. அதுவும் காலிதான், ஆனால் அதில் நான் கை வைக்கவில்லை. மிச்ச ஏழையும் சுரண்டாமல் பிளேடை உறையில் போட்டுவிட்டு, பக்கத்தில் "நடக்கவில்லை" என்று பென்சிலில் எழுதினேன்.